கடற்கரைப் பக்கம் போகாதே

தலைநகர், 2 ஜூலை 1987

அன்புள்ள தொமித்திலா அண்ணிக்கு,

எல்விரா எழுதுகிறேன். நான் சுகம். மழை தொடங்கிவிட்டதால் உங்கள் முழங்கால் வலி கூடியிருக்கும் என்று நினைக்கிறேன். தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள், அடுத்த பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் பயணம் போகிறேன். தனியாக. வஹாக்காவில் மலைத் திங்கள் திருவிழா, பிறகு அந்தப் பக்கத்து இடிந்த கோயில்கள், கடைசியாக யுகத்தான் பக்கம் போய் வெள்ளை மணலில் கால் நீட்டி உட்கார வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் தொலைபேசி நிலையத்தில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஊர்களை இணைத்தேன். "வஹாக்கா பேசுங்க, மேரிதா பேசுங்க" என்று சொன்ன இந்த வாய் அந்த ஊர்கள் ஒன்றிலும் தண்ணீர் குடித்ததில்லை. எண்பத்தைந்து நிலநடுக்கத்தில் கட்டிடம் போனது. இப்போது வேலையும் முடிந்துவிட்டது. போகாமல் இருக்க ஒரு காரணமும் மிச்சமில்லை.

உங்கள் தம்பி அன்செல்மோவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஓட்டலில் இரவெல்லாம் டிராம்போன் வாசித்துவிட்டு அங்கேயே படுத்தவரை விடிந்ததும் இடிபாட்டுக்குள் தேடினோமே, அந்த விடியலை விட்டு நான் இன்னும் நகரவில்லை. கொஞ்சம் நகர்ந்து பார்க்கிறேன்.

கடிதத்தை வஹாக்கா தலைமைத் தபால் நிலையத்துக்கு என் பெயர் போட்டு அனுப்புங்கள். போய் வாங்கிக்கொள்வேன்.

அன்புடன்,
எல்விரா


புவேப்லா, 9 ஜூலை 1987

எல்விராவுக்கு,

சேசுவுக்குப் புகழ். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சர்வேசுரன் கொடுத்தது, அவரே எடுக்கட்டும்.

தனியாகப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு முறை படித்தேன். நாற்பத்தேழு வயதில் ஒரு விதவை திருவிழாக் கூட்டத்துக்குத் தனியாகப் போகிறாள் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். யார் கூட வருகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லப் போவதுமில்லை. நான் சொல்வது இதுதான்: என் தம்பியின் பெயரைச் சுமந்துகொண்டு போகிறாய், அதைக் கீழே போட்டுவிடாதே.

கறுப்பு உடையைக் கழற்றப் போகிறாயா? அதையும் நீ எழுதவில்லை.

கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் மனைவி உன்னை விசாரித்தாள். நலமாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

தொமித்திலா


வஹாக்கா, 22 ஜூலை 1987

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அங்கும் நலம்தானே? எவரும் கூட வரவில்லை. கழுத்து வலிக்க என் பையை நான்தான் தூக்கினேன்.

கறுப்பை முதல் நாளே கழற்றிவிட்டேன். வெயில் அப்படி. நீலத்தில் ஒரு பருத்திச் சட்டை வாங்கியிருக்கிறேன்.

திங்களன்று மலை மேல் விழா. மாநிலத்தின் ஏழு பகுதிக்காரர்களும் வந்து ஆடினார்கள். ஆடி முடித்தவர்கள் தங்கள் ஊர்ப் பொருளைக் கூட்டத்தை நோக்கி வீசுகிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் தொப்பியில் ஓர் அன்னாசி வந்து விழுந்தது. "ஊர்ல பொண்டாட்டி அடிக்கிறது போதாதுன்னு இங்கயுமா" என்றார். சிரித்தேன் அண்ணி. சத்தமாகச் சிரித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

அதற்கு முந்திய நாள் மாலை ஊர்வலம். ஒவ்வோர் ஊர் வாத்தியக் குழுவும் தெருவில் வாசித்துக்கொண்டு போயிற்று. கடற்கரைப் பகுதியிலிருந்து வந்த ஒரு சின்னக் குழு ஒரு வால்ட்ஸ் நடன மெட்டு வாசித்தது. நான் சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது.

அன்செல்மோ ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தலை துவட்டும்போது ஒரு மெட்டு வாசிப்பார். நடுவில் ஒரு இடத்தில் படி தவறியதுபோல் தடுமாறி, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து போகும். அவர் சொந்தமாகப் போட்டது. தாளில் எழுதியதில்லை. "வெளியில வாசிச்சா திருடிருவாங்க, இது வீட்டுக்குள்ள மட்டும்" என்பார். அதே மெட்டு. அதே இடத்தில் அதே தடுமாற்றம்.

ஓடிப் போய்க் கேட்பதற்குள் கூட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

உங்கள் தம்பி இந்த மெட்டை யாருக்காவது சொல்லிக் கொடுத்திருக்கிறாரா? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். வேறு ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
எல்விரா


புவேப்லா, 25 ஜூலை 1987

எல்விராவுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன்.

வால்ட்ஸ் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதுவும் தெருக் கூட்டத்தில், பட்டாசுச் சத்தத்தில் என்ன கேட்டிருக்கும் உனக்கு? துக்கத்தில் இருப்பவர்களுக்குக் காது ஏமாற்றும் என்று பங்குச் சாமியாரே சொன்னார். அம்மா இறந்த பிறகு எனக்கும் சமையலறையில் அவள் இருமுவது கேட்டது.

அந்த மெட்டு எங்கள் அப்பா வாசித்ததாகவும் இருக்கலாம். அல்லது வேறு யாரோ. எத்தனையோ பேர் அவனிடம் கற்றுக்கொண்டார்கள். அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

விழா பார்த்தாகிவிட்டது, போதும். இடிந்த கோயில்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பு. இல்லையென்றால் நேரே யுகத்தான் போ. அந்தப் பக்கத்துக் கடற்கரைக்கு மட்டும் இறங்காதே. மலைப்பாதையில் பேருந்து உருளுகிறது, கொசுக்கடியில் காய்ச்சல் வருகிறது, அலை ஆளை இழுத்துக்கொண்டு போகிறது. உன் நல்லதுக்குச் சொல்கிறேன்.

உனக்காகத் தினமும் ஒரு செபமாலை சொல்கிறேன், மகளே.

தொமித்திலா


மித்லா, 14 ஆகஸ்ட் 1987

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் செபமாலைக்கு நன்றி. என்னை நீங்கள் 'மகளே' என்று எழுதியது இதுதான் முதல் தடவை.

மோந்தே அல்பான் இடிபாடுகளில் ஒரு பகல் முழுக்க இருந்தேன். மலை உச்சியை வெட்டிச் சமமாக்கி, அதில் அவ்வளவு பெரிய முற்றம். அங்கே உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றேன். வெட்டுக்கிளி வறுவல் விற்றவளிடம் கொஞ்சம் வாங்கினேன், எலுமிச்சையும் காரமுமாக நன்றாகவே இருந்தது. இங்கே மித்லாவில் கல்லறைக்குள் ஒரு தூண் இருக்கிறது. அதைக் கட்டிப்பிடித்து, இரண்டு கைக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி இருக்கிறதோ அத்தனை வருடம் ஆயுள் என்கிறார்கள். கட்டிப்பிடிக்கப் போனேன், காவலாளி விடவில்லை. "விட்டா ஆளாளுக்குத் தூணைத் தேச்சே கரைச்சிருவீங்க" என்றான்.

அந்தக் குழுவில் கிளாரினெட் வாசித்தவர் மித்லாவில்தான் பெண் எடுத்திருக்கிறார். பெயர் காசியானோ. சந்தையில் கம்பளி விற்கிறார். மெட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? எங்க வாத்தியார் போட்டது" என்றார்.

"உங்க வாத்தியார் எந்த ஊரு?"

"கடற்கரையில. ரெண்டு வருஷமாத்தான் இருக்காரு. அதுக்கு முன்னால எப்பவாவது வருவாரு, போவாரு. டிராம்போன் எடுத்தாருன்னா மீன்காரனெல்லாம் வலையைப் போட்டுட்டு வந்து நிப்பான்."

"அவர் ஏன் திருவிழாவுக்கு வரலை?"

"கூட்டம் ஆகாதும்பாரு. நல்ல மனுசன், ஆனா பட்டணத்துக்காரங்களைப் பாத்தா ஒதுங்கிருவாரு."

அவ்வளவுதான் பேச்சு. நான் ஒரு கம்பளி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணி, ஒன்று கேட்கிறேன். குழு கடற்கரைப் பகுதியிலிருந்து வந்தது என்று எழுதினேன், சரி. ஆனால் நான் அங்கே போவதாக எங்கேயும் எழுதவில்லை. என் பயணத் திட்டத்தில் அது இல்லவே இல்லை. ஏன் போகாதே என்றீர்கள்?

உங்கள் முழங்காலைப் பற்றி நீங்கள் போன கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. குணமாகிவிட்டதென்று எடுத்துக்கொள்கிறேன்.

எல்விரா


தந்தி. புவேப்லா, 20 ஆகஸ்ட் 1987

உடல் மோசம். படுக்கையில். உடனே புறப்பட்டு வா. தொமித்திலா.


வஹாக்கா, 26 ஆகஸ்ட் 1987

தொமித்திலா அண்ணிக்கு,

தந்தியைப் பார்த்ததும் பேருந்துச் சீட்டு வாங்கிவிட்டேன். பையைக்கூடக் கட்டிவிட்டேன். பிறகு, இத்தனை வருடம் செய்த வேலையை ஒரு தடவை எனக்காகச் செய்துகொண்டேன். புவேப்லா தொலைபேசி நிலையத்தில் ரொசேந்தா இன்னும் வேலையில் இருக்கிறாள். உங்கள் கீழ்வீட்டு மருந்துக்கடைக்கு இணைப்புக் கேட்டேன்.

மருந்துக்கடைக்காரர் மனைவிதான் எடுத்தாள். "அண்ணி எப்படி இருக்காங்க, டாக்டர் வந்தாரா?" என்று கேட்டேன்.

"டாக்டரா? எதுக்கு? முந்தாநேத்து பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாங்களே. என் வீட்டுக்காரர்தான் பையை ஏத்திவிட்டாரு. தெற்க போற பஸ்."

"எந்த ஊருக்குன்னு சொன்னாங்களா?"

"கேட்டதுக்கு நேர்த்திக்கடன்னு சொன்னாங்க. அதிகம் கேட்டா அவங்களுக்குப் பிடிக்காதே, உங்களுக்குத் தெரியாதா."

எனக்குத் தெரியும். அதனால் நானும் கேட்கவில்லை. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். பயணம் சுகமாக இருந்திருக்கட்டும்.

எல்விரா


புவேப்லா, 10 செப்டம்பர் 1987

எல்விராவுக்கு,

ஹுக்கிலா மாதா கோயிலுக்குப் போயிருந்தேன். உடம்பு முடியாமல் கிடந்தபோது நேர்ந்துகொண்டேன். எழுந்திருக்க முடிந்ததும் போனேன். மாதா கேட்டாள். வலி குறைந்திருக்கிறது. இதில் வேவு பார்க்க என்ன இருக்கிறது? அக்கம்பக்கத்தில் தொலைபேசியில் விசாரித்து என்னை அவமானப்படுத்திவிட்டாய். உனக்கு என்ன குறை வைத்தேன்? உடல்கள் அடுக்கியிருந்த அந்த மைதானத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்?

பத்தொன்பதாம் தேதி அன்செல்மோவின் இரண்டாம் ஆண்டுப் பூசை. சாமியாரிடம் சொல்லிவிட்டேன். மனைவி இல்லாமல் பூசை நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசி. வந்துவிடு. வந்த பிறகு எல்லாம் பேசிக்கொள்ளலாம்.

எந்த ஊரில் இருக்கிறாய் என்றே தெரியவில்லை. பழைய முகவரிக்கே போடுகிறேன்.

தொமித்திலா


சாந்தா பிரிஹிதா கடற்கரை, 2 அக்டோபர் 1987

தொமித்திலா அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வஹாக்காவிலிருந்து இந்தப் பக்கம் திருப்பி அனுப்பினார்கள். பூசைக்கு நான் வரவில்லை. அது முறையாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

செப்டம்பர் தொடக்கத்திலிருந்து இங்கேதான் இருக்கிறேன். வழியில் பேருந்து உருளவில்லை. காய்ச்சலும் வரவில்லை. நிக்கோலாசா என்கிற பெண்மணி ஓலைக் கூரைக்குக் கீழே மீன் பொரித்து விற்கிறாள். பின்னால் ஒரு தூளிப் படுக்கை எனக்கு. காலையில் அலை தணிந்திருக்கும்போது படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நிற்பேன். பயணத்தில் மிகவும் பிடித்தது அதுதான். பொய் சொல்லவில்லை.

வந்த அன்றே வாத்தியாரைக் கேட்டேன். "செமா வாத்தியாரா? அவங்க அக்கா வந்துட்டுப் போன மறுநாளே மலைக்குக் கிளம்பிட்டாரு. ஏதோ அவசரமாம்" என்றாள் நிக்கோலாசா. வாத்தியாருக்கு இங்கே அந்தப் பெயர்தான்.

நான் காத்திருந்தேன். புனித மிக்கேல் திருநாள் வந்தால் வாத்தியக் குழு இல்லாமல் சொரூபம் வெளியே வராது என்று அவளே சொன்னாள். இருபத்தொன்பதாம் தேதி வந்தது. சொரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டினார்கள். கரையில் குழு நின்று வாசித்தது. நடுவில் டிராம்போன். மீசை வைத்திருக்கிறார். வயிறு விழுந்திருக்கிறது. மூச்செடுக்கும்போது இடது தோள் தூக்கும் பழக்கம் அப்படியே இருக்கிறது.

நான் கத்தவில்லை, மயங்கவும் இல்லை. கையில் இளநீர் இருந்தது, குடித்து முடித்தேன்.

வாசிப்பு நின்றதும் ஒரு இளம் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே ஒரு சின்னப் பெண் குழந்தை ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது.

"யாரு அந்தக் குழந்தை?" என்று கேட்டேன்.

"வாத்தியார் மகதான். நாலு வயசு. சரியான வாயாடி."

"பேரென்ன?"

"தொமித்திலா. அத்தை பேரு. அந்த அம்மாதான் ஞானத்தாய். ஞானஸ்நானத்துக்கு வந்து இங்கதான் தங்கினாங்க. என் மீனைக் குறை சொல்லிக்கிட்டே ரெண்டு தட்டு சாப்பிட்டாங்க."

நாலு வயது, அண்ணி. நிலம் அசைந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால்.

மறுநாள் காலை படகுகள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது அவரே வந்தார். கூட்டத்தில் என்னைப் பார்த்திருக்கிறார்.

"எப்படி இருக்கே எல்விரா?"

"உன்னைப் புதைச்சதுக்கு அப்புறம் கொஞ்சம் சிரமப்பட்டேன்."

மணலில் உட்கார்ந்தார். "அன்னிக்கு நான் ஓட்டல்லயே இல்ல. குழந்தைக்குக் காய்ச்சல்னு தகவல் வந்துச்சு. ராத்திரியே பஸ் ஏறிட்டேன். வழியில டிரைவர் ரேடியோ போட்டான். ஓட்டல் போச்சு, யாரும் மிஞ்சலைன்னாங்க. இறங்கித் திரும்பணும்னுதான் நெனச்சேன். பஸ் நிக்கல."

"ரெண்டு வருஷமாவா நிக்கல, அந்த பஸ்?"

கடலைப் பார்த்தார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"உன் கட்டில்ல இருந்ததுன்னு சொல்லி ஒரு உடம்பை என்கிட்டக் குடுத்தாங்க. அது யாரு?"

"லதிஸ்லாவோவா இருக்கும். பியானோக்காரன். அவன் கட்டில் சன்னல் பக்கம், காத்து அடிக்கும். நான் கிளம்பறப்ப என் கட்டில்ல படுத்துக்கடான்னு சொல்லிட்டு வந்தேன்."

"அவனுக்கு யாரு இருக்காங்க?"

"அம்மா மட்டும். த்லாகோதால்பான்ல."

"அவங்களுக்குச் சொன்னியா?"

"செத்தவன் எப்படி எல்விரா சொல்ல முடியும்?"

எழுந்து மணலைத் தட்டினேன். "இப்ப என்ன பண்ணப் போறே?" என்று கேட்டார். "விடுமுறையில இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

தண்ணீரில் நிற்கும்போது அந்த உடலின் கைகள் நினைவுக்கு வந்தன. முகம் இல்லை, கைகள்தான் இருந்தன. விரல்கள் நீளமாக இருக்கின்றனவே என்று நான் சொன்னேன். "வீக்கம்டி, வேற ஒண்ணுமில்ல. இது என் தம்பிதான், கையெழுத்துப் போடு" என்றீர்கள். உங்களுக்கு அப்போதே தெரியுமா? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

எல்விரா


புவேப்லா, 12 அக்டோபர் 1987

எல்விரா,

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நான் நலமாக இல்லை, இந்த முறை நிஜமாகவே.

மைதானத்தில் எனக்குத் தெரியாது. சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். வீக்கம் என்றுதான் நினைத்தேன். சீக்கிரம் அங்கிருந்து உன்னை வெளியே கொண்டுபோக வேண்டும் என்றுதான் நினைத்தேன். பிறகு தெரிந்தது. எந்த நாள் என்று கேட்காதே. தெரிந்த அன்று நீ துக்கத்தில் இருந்தாய், அவன் உயிரோடு இருந்தான். இரண்டில் எனக்கு எது பெரிதாகத் தெரிந்திருக்கும் என்று நீயே சொல். அவனை நான்தான் வளர்த்தேன்.

குழந்தை விஷயம் முன்பே தெரியும். அதை மறுக்கவில்லை.

அன்செல்மோவிடமிருந்து ஆள் வந்தான். நீ த்லாகோதால்பானுக்கு எப்படிப் போவது என்று ஊரில் விசாரித்தாயாம். வேண்டாம் எல்விரா. அந்தத் தாய் தன் மகன் எங்கோ இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையைப் போய்ப் பிடுங்குவதில் உனக்கு என்ன கிடைக்கும்? உண்மை வெளியே வந்தால் கல்லறையைத் திறப்பார்கள், அரசாங்கம் கேட்கும், என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது? உனக்கு அவன் வேண்டாம் என்றால் வேண்டாம். செத்தவனாகவே விட்டுவிடு. இத்தனை நாள் அப்படித்தானே இருந்தாய்.

என் வீட்டில் வந்து இரு. கடைசிவரை உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணி,
தொமித்திலா


த்லாகோதால்பான், 31 அக்டோபர் 1987

தொமித்திலா அண்ணிக்கு,

உங்கள் உடல்நிலை தேறியிருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நான் நலம்.

மைதானத்தில் உங்களுக்குத் தெரியாது என்பதை நம்பலாமா என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். சில ஊர்களைத் தாண்டும்போது நம்பினேன். சில ஊர்களில் நம்ப முடியவில்லை. இனிமேல் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

லதிஸ்லாவோவின் தாயார் பெயர் பெலிசித்தாஸ். ஆற்றங்கரைத் தெருவில் வீடு, வாசல் தூண்களுக்கு ரோஜா நிறச் சுண்ணாம்பு. நேற்று முன்தினம் போனேன். தெருவில் எல்லா வீட்டிலும் கல்லறைத் திருநாளுக்காக இறந்தவர்களுக்குப் பீடம் அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். சாமந்தி வாசம் ஆறுவரை வந்தது. இந்த வீட்டில் மட்டும் ஒன்றுமில்லை. மகன் படத்தைப் பீடத்தில் வைத்தால் தானே அவனைக் கொன்ற மாதிரி ஆகும் என்று இரண்டு வருடமாக வைக்கவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

உங்கள் வாதம் அப்போது என் காதில் ஒலித்தது. திரும்பிவிடலாமா என்றுகூட நின்றேன். அதற்குள் அவரே வாசலுக்கு வந்துவிட்டார்.

"யாரு வேணும்?"

"உங்க மகனைப் பத்திப் பேச வந்திருக்கேன்."

"உயிரோட இருக்கானா?"

"இல்லம்மா."

ஒரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு அவர் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில், பஸ், கடற்கரை, உங்கள் தம்பி, நான் போட்ட கையெழுத்து. முடித்த பிறகு கேட்டார்.

"முழுசா இருந்தானா?"

"முகம் தெரியலை. கை ரெண்டும் நல்லா இருந்துச்சு."

"விரல் நீளமா இருக்கும்."

"ஆமா. நீளமாத்தான் இருந்துச்சு."

"யாரு குளிப்பாட்டினது?"

"நான்தான். என் புருஷன்னு நெனச்சு."

"அழுதீங்களா?"

"ரொம்ப அழுதேன்மா. ரெண்டு வருஷமா அழுதேன்."

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ என் புள்ள அனாதையாப் போகல" என்றார். பிறகு நாங்கள் இருவரும் அழுதோம். இந்த முறை யாருக்காக என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நேற்று இருவருமாகச் சந்தைக்குப் போனோம். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தோம். அவனுக்குப் பிடித்ததென்று அரிசியும் இறாலும் சமைத்தார். எனக்கு வெங்காயம் நறுக்கத் தெரியவில்லை என்று திட்டினார்.

திருநாள் முடிந்ததும் இருவரும் தலைநகர் போகிறோம். மகனைத் தன் ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார். அதற்கு மனுக் கொடுக்க வேண்டும். கல்லறையில் இருப்பது என் கணவர் இல்லை என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால், உன் கணவர் எங்கே என்று கேட்பார்கள். கேட்டால் நான் பொய் சொல்லப் போவதில்லை. உங்கள் தம்பிக்கு இதைத் தெரிவித்துவிடுங்கள். தானாக வந்து சொல்வதோ மறுபடியும் பஸ் ஏறுவதோ அவர் விருப்பம். அந்தக் குழந்தை பாவம் ஒன்றும் செய்யவில்லை, எனக்கும் தெரியும். லதிஸ்லாவோவும் செய்யவில்லை.

உங்கள் வீட்டில் வந்து இருக்க அழைத்ததற்கு நன்றி. வர இயலாது.

பெலிசித்தாஸ் அம்மா பீடத்துக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டுவிட்டு, "எவ்வளவு நேரம்தான் எழுதுவீங்க, வாங்க" என்கிறார். மெழுகுவத்தி ஏற்றப் போகிறோம். போகிறேன்.

எல்விரா